பனியன் துணிப் புத்தகம்

பல்லடம் பேருந்து நிறுத்தத்தில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தவரின் மைதாப் பசை வாசனை என்னை அப்படியே நிறுத்திவிட்டது. இப்போது இடித்துக் குடோன் கட்டிவிட்ட எங்கள் தொடக்கப்பள்ளி நூலக அறையில் வெள்ளிக்கிழமைதோறும் இதே வாசனைதான் வீசும். கம்பெனிகளில் வெட்டிப் போட்ட பனியன் துண்டுகளை அட்டையில் ஒட்டி நாங்களே கதைப் புத்தகம் செய்வோம். ஒரு வாரம், பீகாரிலிருந்து வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்காத சுனிதா, ரயிலையும் ஆற்றையும் நீல நிறத்தில் ஒரு வீட்டையும் ஒட்டியிருந்தாள்.

"எழுத்தே இல்லீங்க டீச்சர், எப்படிங்க படிக்கிறது?" என்றேன்.

"அவளையே கேளு கண்ணு," என்றார் டீச்சர்.

கேட்டேன். சுனிதா படங்களில் விரல் வைத்து இந்தியில் சொல்லத் தொடங்கினாள். எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நீல வீட்டைத் தொட்டபோது விரலை எடுக்காமல் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். மணி அடித்த பிறகும் நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.