அழிறப்பரும் ஆற்றுப் படமும்

மல்வேர்னில் எங்கள் டவுன்ஹவுஸின் பேஸ்மென்ற்றில் பெரியப்பா இருந்தார். கனடாவுக்கு வருமுன் ஆபிரிக்க நாடு ஒன்றில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த சொத்து ஒரு வரைபடம் மட்டுந்தான். வெள்ளைக்காரர் அந்த நாட்டை ஆண்ட காலத்தில் போட்ட திட்டம் அது: ஆற்றை மறித்து அணை கட்டுவது, வெள்ளத்தைத் தடுப்பது, வாய்க்கால் வெட்டிப் பருத்தி விளைவிப்பது. வாய்க்கால்களெல்லாம் அடிமட்டம் வைத்து நேர்கோடாகக் கீறியவை. அணைக்குப் பின்னால் தண்ணீர் நிற்கப்போகும் இடம் வெறும் நீலம். அந்த நீலத்தின் மேல் இலையான் மொய்த்துவிட்டுப் போன எச்சம்போல நிறையப் பென்சில் புள்ளிகள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒருநாள் அந்த நாட்டிலிருந்து பெரியப்பாவுக்குக் கடிதம் வந்தது. அரசாங்கத்தில் அந்தப் பழைய அணைத் திட்டத்தைத் தூசி தட்டி எடுத்துவிட்டார்களாம். படத்தை உடனே அனுப்பும்படி அங்கே அவருடன் வேலை செய்த ஒருவர் கேட்டிருந்தார். பெரியப்பா உறை வாங்கக் கடைக்குப் போன நேரம், நல்ல பிள்ளையாக நான் ஒரு காரியம் செய்தேன். துப்புரவுக்கு உதாரணமாக என் கொப்பிகளைத்தான் ரீச்சர் வகுப்புக்குக் காட்டுவார். அந்தப் பெயர் கெடாமல், அழிறப்பரால் ஒரு புள்ளி விடாமல் அழித்துத் துகளையும் ஊதிவிட்டேன்.

திரும்பி வந்த பெரியப்பா படத்தைப் பார்த்தார். ஏசவில்லை. அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். சப்பாத்திலிருந்த பனி கரைந்து காப்பெற்றை நனைத்தது. அம்மா கண்டால் கத்துவாரே என்றுதான் எனக்குக் கவலை.

"அதெல்லாம் வீடுகள், பிள்ளை. அங்கை ஒருத்தரும் இல்லையெண்டு வெள்ளைக்காரன் கீறினவன். நான் நடந்து நடந்து குறிச்சனான். இப்ப அந்தச் சனத்திட்டை, நீங்கள் இஞ்சை இருந்ததுக்கு என்ன சாட்சி எண்டு கேக்கினமாம்."

எனக்கு அழுகை வந்தது. அவர் எழும்பிப் படத்தைச் சின்ன யன்னலோடு சாய்த்துப் பிடித்தார். பென்சில் அழுத்திய பள்ளங்கள் பக்க வெளிச்சத்தில் இலேசாகத் தெரிந்தன. அவருக்குக் கண் பத்தாது. நான் விரல் வைக்க வைக்க, அவர் புள்ளி வைத்தார். இந்த வீட்டில் மீன் சுட்டுத் தந்தார்கள், இந்த வீட்டு நாய் கடித்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. முதலில் சுவாரசியமாகத்தான் இருந்தது. பிறகு மேலே ரீவியில் என்னுடைய கார்ட்டூன் தொடங்கும் பாட்டுக் கேட்டது. ஆற்றின் வளைவுக்கு அங்கால் இன்னும் சில பள்ளங்கள் மிச்சம் இருந்தன.

"இனி இல்லை, பெரியப்பா."

"வடிவாப் பாத்தனியே?"

"ஓம்."

அவர் என் தலையைத் தடவிவிட்டுப் படத்தை உறையில் இட்டார்.

இப்போது பெரியப்பா இல்லை. அணை கட்டினார்களா என்று நான் தேடிப் பார்த்ததும் இல்லை, பயம்தான் காரணம். அழித்தது அறியாப் பிள்ளையின் பிழை என்று எல்லோரும் அன்றே மன்னித்துவிட்டார்கள். 'ஓம்' என்று சொன்னது பொய் என்று ஒருவருக்கும் தெரியாது. வளைவுக்கு அங்கால் குடியிருந்த ஒருவரிடம், யாரோ ஒரு அதிகாரி அந்தப் படத்தை விரித்து, உன் வீடு இதில் இல்லையே என்று சொல்லக்கூடும் என்பது, படிகளில் மேலே ஓடிய அந்தப் பிள்ளைக்கும் தெரியாது.