வீடு வீடாக வந்த முருகன்

வல்லக்கோட்டை முருகன் படம் அது. மரச்சட்டம். கண்ணாடியின் வலது மூலையில் தொடங்கும் கீறல் மயிலின் கழுத்துவரை ஓடும். 1991-இல் நான் வருவாய் ஆய்வாளராக இருந்தபோது, ஒரகடத்தை அடுத்த ஒரு காலனியில் அதை முதலில் பார்த்தேன். அடுத்த வீட்டிலும் பார்த்தேன். மூன்றாவது வீட்டில் பூச்சரம்கூட மாறியிருக்கவில்லை.

“எனக்கு முன்னாடியே வந்துட்டாரே,” என்றேன்.

“மயிலு கீதுல்ல சார், பறந்து வந்துருப்பாரு,” என்றார் வீட்டுக்காரர், கொஞ்சமும் சிரிக்காமல்.

விஷயம் எளியது. பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் சாதி அவரை விடாது. பட்டியல் சாதிச் சான்றிதழ் மட்டும் போய்விடும். இதுதான் சர்க்காரின் இறையியல். அதைக் காப்பாற்ற நான் வீடு வீடாகப் போய்ச் சுவரைப் பார்ப்பேன். சிலுவை இருந்தால் பரிந்துரை இல்லை, சாமி படம் இருந்தால் உண்டு. படம் யாருடையது என்று கேட்க விதியில் இடமில்லை.

பின்வாசல் வழியாக எனக்கு முன்னால் படத்தைக் கொண்டுபோனவர் அவர்களுடைய சபைப் போதகர். நன்கு படித்தவர், குரல்வளம் உள்ளவர். பைபிளில் அரசனின் சிலைக்கு மண்டியிட மறுத்துத் தீயில் நின்றவர்களைப் பற்றி அவர் பிரசங்கம் செய்தால் சாலையில் போகிறவர்களும் நிற்பார்கள். நானே நின்றிருக்கிறேன்.

பால்வாடி ஆயாவின் வீட்டில் மட்டும் சிலுவை இருந்தது. அவர் மகளுக்கு அரசு நர்சிங் பள்ளியில் இடம் கிடைக்கும் நிலை. சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

“படம் எடுத்தாந்தாரு சார், நான்தான் வாணான்ட்டேன். ஞாயித்துக்கெழம ஒரு சாமி, நீங்க வர்ற அன்னிக்கி ஒரு சாமியா?”

“ஒரு அரைமணி மாட்டுனா இன்னாம்மா?” என்றாள் மகள் அடுப்படியிலிருந்து.

அந்த வாரமே தாலுகா அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது: காலனி முழுவதும் மதம் மாறிவிட்டது, ஒருவருக்கும் சான்றிதழ் தரக் கூடாது. இப்படி மனு வந்தால் சபையின் தலைவரிடம் வாக்குமூலம் வாங்கினால் போதும். போதகர் வெள்ளை ஜிப்பாவில் வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“எங்க சபையில இருக்கறது அந்த ஆயா குடும்பம் ஒண்ணுதான் சார். மத்தவங்கல்லாம் சும்மா பாட்டு கேக்க வர்றவங்க.”

கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலில் மெதுவாகச் சொன்னார்: “ஒரு புள்ளைக்காக எல்லாப் புள்ளைங்களும் கெடணுமா சார்? அந்தம்மா எப்படியும் மறைக்கப் போறதில்ல.”

பொய் சொல்லாத ஒரே வீட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தார். மற்ற எல்லா வீடுகளுக்கும் சான்றிதழ் கிடைத்தது. அடுத்த பெரிய வெள்ளியன்று, இயேசுவைக் காட்டிக்கொடுத்தவனைப் பற்றி அவர் அழுதுகொண்டே பிரசங்கம் செய்ததாகக் கேள்விப்பட்டேன். ஆயா முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தாராம்.

இன்று அந்தச் சபைக்கு மூன்று மாடிக் கட்டடம். சான்றிதழால் சர்க்கார் வேலைக்குப் போன பிள்ளைகள் கட்டிக்கொடுத்தது. ஆயாவின் மகள் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் தரை துடைக்கிறாள். ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நான் ஓய்வுபெற்ற அன்று போதகர் சால்வையோடு ஒரு பொட்டலமும் கொடுத்தார். பிரித்தால் அதே முருகன், அதே கீறல். “எங்க புள்ளைங்க எல்லாம் செட்டில் ஆயிட்டாங்க சார். இனிமே இது தேவப்படாது.”

என் மனைவிக்கு இந்தக் கதை தெரியாது. பூஜை அறையில் மாட்டித் தினமும் விளக்கேற்றுகிறாள். அத்தனை சுவர்களில் தொங்கிய அந்தப் படத்தை ஒருவர் கும்பிடுவது இதுதான் முதல் முறை.