அருவிக்கு முன்னால் சித்தப்பா

தலவாக்கலைப் பக்கம் கல்யாணம் என்றால் படமெடுக்க வினோதாவைத்தான் கூப்பிடுவார்கள். கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது வாங்கிய பழைய கமரா அவளுடையது. முதல் கல்யாணத்தில் தாலி கட்டிய கை வெறும் கோடாக விழுந்தது. ஷட்டர் மெதுவாக மூடியதால் வந்த வினை. வேகத்தைக் கூட்டினாள், படம் இருண்டது. லென்ஸின் துளையை அகலத் திறந்தாள், பின்னால் நின்ற மாமியார் கலங்கிப்போனார். வெளிச்சத்தை உணரும் ஐஎஸ்ஓ அளவைக் கூட்டினாள், எல்லார் முகத்திலும் ரவை தூவியது போலப் புள்ளிகள். மூன்றையும் ஒத்துப்போக வைப்பதற்குள் நாலு மாமியார்களின் பகை சேர்ந்துவிட்டது.

ஜெயந்தினியின் கல்யாணத்தில் வேறு தொல்லை. பெண்ணின் சித்தப்பா சோலைமலை எல்லாப் படத்திலும் நடுவில் வந்து நிற்பார். நின்றாலும் சும்மா இருக்கமாட்டார். சால்வையை இழுப்பார், மீசையைத் தடவுவார்.

சாயங்காலம் இறம்பொடை அருவிக்குப் போனார்கள். அங்கேயும் அவர் நடுவில். மாப்பிள்ளை திலக்ஷன் வினோதாவின் காதருகே, "அக்கா, நாங்க ரெண்டு பேரு மட்டும் ஒண்ணு எடுக்க ஏலாதா?" என்றான்.

வினோதா கமராவை முக்காலியில் ஏற்றினாள். ஐஎஸ்ஓ நூறு, துளை ஊசிக்கண் அளவு, ஷட்டர் முழுசாக ஒரு செக்கன்.

"நீங்க ரெண்டு பேரும் மூச்சு விடாம நில்லுங்க. சித்தப்பா, நீங்க எப்பவும் போல இருங்க."

படத்தில் அருவி பாலாக வழிந்தது. மணமக்கள் தெளிவாக நின்றார்கள். நடுவே சால்வைக்கரை போட்ட ஒரு புகை.

சோலைமலை திரையை எட்டிப்பார்த்தார். "நா எங்கம்மா நிக்கிறேன்?"

"இந்தப் புகைதாங்க. கமரா ஒரு செக்கன் கண்ணத் தொறந்திருந்திச்சி. அதுக்குள்ள நீங்க ரெண்டு தடவ சால்வைய இழுத்துட்டீங்க."

திலக்ஷன் சிரிப்பை அடக்க அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜெயந்தினிக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பா செத்த பொறவு எங்களப் பாத்தது இவருதாங்க்கா. இங்க இவரோட ஒண்ணாச்சும் நல்லதா வேணும்."

வினோதாவுக்குச் சுருக்கென்றது. துளையை அகலத் திறந்தாள், ஐஎஸ்ஓவை நானூறாக்கினாள், ஷட்டரை செக்கனில் இருநூற்றைம்பதில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தாள்.

"இப்ப எவ்வளவு வேணும்னாலும் அசைங்க சித்தப்பா."

அவர் நம்பவில்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொள்பவர் போல விறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆனால் ஆல்பம் வந்ததும் அவர் கேட்டு வாங்கிப்போனது புகைப் படத்தைத்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் நீட்டி, "நா எங்க நிக்கிறேன், சொல்லுங்க பாப்போம்" என்கிறாராம்.