அம்பு ஸ்டிக்கர்

தொண்ணூறுகளில் ஒரு காலை, திருப்பூரிலிருந்து கோவை போகும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். துணியில் பழுதைக் காட்ட ஒட்டும் அம்பு ஸ்டிக்கர்கள் சேலைத் தலைப்பில் மிச்சமிருந்தன. பஸ் டிக்கெட்டைக்கூட இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

என் மடியில் நரம்பியல் ஆய்வேடு. ஐந்து வருட உழைப்பு. அன்று பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். கடைசியாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் அருகருகே ஒட்டியிருந்த இரண்டு மூளைப் படங்கள்மேல் அந்த அம்மா விரல் வைத்தார்.

"ஏனுங்க, இது ரெண்டும் ஒரே பீஸுங்களே? ஒண்ணைத் திருப்பி ஒட்டிப்போட்டீங்க."

"இல்லீங்க. இது நல்ல எலியோட மூளை, அது நோய் வந்த எலியோட மூளை" என்றேன் எரிச்சலோடு.

"எதா இருந்தா என்னங்க? இங்க இடப்பக்கம் இருக்கற ஓட்டை, அங்க வலப்பக்கம் இருக்குது பாருங்க." அதன்மேல் ஒரு அம்பை ஒட்டினார்.

தெரியாமல் ஒரே நெகடிவை இடவலம் மாறத் திருப்பி இரண்டாவது படம் போட்டிருந்தேன். தேர்வாளர் கண்ணில் பட்டிருந்தால் மோசடி என்றே எழுதியிருப்பார். நல்லவேளை, சரியான படம் ஆய்வுக்கூடத்து மேசையில் கிடந்தது. மதியத்துக்குள் மாற்றி ஒட்டிவிட்டு, பல நாட்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

என் பேராசிரியர் மூன்று முறை பார்த்துக் கையெழுத்திட்ட பக்கம் அது. எலி மூளையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஊரில் எல்லோரும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவிநாசியில் இறங்கிப்போன அந்த அம்மா கேட்கவில்லை, பார்த்தார்.