பின் சீட்டுக்குச் செய்த செலவு

என்னிடம் ஒரு பேட்டரி வண்டி இருக்கிறது. வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வண்டியின் விலையைவிட, வாங்கிய பிறகு அதன் மேல் நான் கொட்டிய பணம் அதிகம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கென்ன. வெட்டிச் செலவு என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்களும் உண்டு. சாய்ந்துகொள்ள பேக் ரெஸ்ட், கால் வைக்க அகலமான பலகை, சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க வலைக் கம்பி, குலுக்காத ஷாக் அப்சார்பர், மெத்தை சீட்டு. எல்லாமே பின்னால் உட்காருகிறவருக்கு. பின்னால்தான் யாரும் உட்காரவில்லை.

உட்கார வேண்டியவள் என் மனைவி. அவளுக்கு முட்டி வலி. என் பழைய மோட்டார் சைக்கிளில் ஏறுவதற்குள் அவள் படும் பாடும், அதைப் பார்த்து நான் போடும் சத்தமும் எங்கள் தெருவுக்கே தெரியும். மகளுக்குச் சென்னையில் பிரசவம் என்று அவள் கிளம்பியபோது, "மூணு மாசத்துல வந்துடறேன். அதுக்குள்ள ஒசரம் கம்மியா ஒரு வண்டி பாத்து வாங்கி வெய்ங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினாள். நான் மறு வாரமே வாங்கிவிட்டேன். அவள்தான் வரவில்லை. மகளுக்கு லீவு முடிந்தது. மாப்பிள்ளைக்கும் வேலை. குழந்தையை யார் பார்ப்பது? மூன்று மாதம் ஆறானது, ஆறு ஒரு வருடமானது. எப்போது கேட்டாலும் அடுத்த மாசம் என்பாள். அந்த அடுத்த மாதம் இரண்டு வருடமாக வந்துகொண்டே இருந்தது.

எனக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை. ஃபியூஸ் கட்டை செய்கிற இடம். சூளை என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பற்றவைத்தால் அன்று இரவு நெருப்பை நிறுத்துவோம். அதன் பிறகு சனியும் ஞாயிறும் சூளை தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் குளிர்ந்த காற்று பட்டு உள்ளே இருக்கிற சரக்கெல்லாம் படபடவென்று வெடித்துவிடும். ஒரு வாரத்து உழைப்பு குப்பைக்குப் போகும். அதனால் அந்த இரண்டு நாளும் எனக்கு வேலை கிடையாது. அந்த இரண்டு நாளைத் தள்ளுவதுதான் எனக்குப் பெரும்பாடு.

வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய். வண்டிக்குச் சார்ஜர் போட்டால் அதன் சின்ன விசிறி உர்ரென்று ஓடும். அந்தச் சத்தம் இருக்கும்வரை உள்ளே யாரோ வேலையாக இருப்பதுபோல் தோன்றும். விளக்கு பச்சையானதும் விசிறி நின்றுவிடும். அப்புறம் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. சட்டையை மாட்டிக்கொண்டு ஜங்ஷன் ரோட்டில் இருக்கிற மெக்கானிக் கடைக்குப் போய்விடுவேன்.

கடைக்காரர் மங்கலம்பேட்டைக்காரர். பல வருடம் சவூதியில் இருந்துவிட்டு வந்தவர். நான் பாய் என்பேன், அவர் அண்ணே என்பார். போனால் ஸ்டூலை இழுத்துப் போடுவார், டீ சொல்லுவார். சும்மா போய் உட்கார எனக்குக் கூச்சம். ஆகவே ஏதாவது ஒன்றை மாற்றச் சொல்லுவேன். தேயாத பிரேக் ஷூவை மாற்றினேன். நன்றாக அடித்துக்கொண்டிருந்த ஹாரனை மாற்றினேன். "நல்லாத்தானே இருக்குது, எதுக்குண்ணே மாத்தறீங்க?" என்று பாய் கேட்டால், "மாத்துய்யான்னா மாத்து" என்று எரிந்து விழுவேன். ஒரு நாள் அவரே கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணே, இதுக்கு மேல இந்த வண்டிக்கு ஏதாச்சும் போடணும்னா கூரதான் போடணும்."

ஒவ்வொன்று போட்டதும் மனைவிக்குப் போன் செய்வேன். ஷாக் அப்சார்பர் மாத்தியிருக்கேன், பாலக்கரைப் பள்ளத்துலகூட குலுக்காது என்பேன். பேட்டரி வெயிலில் நின்றால் கெட்டுவிடும், நிழலில்தான் நிறுத்த வேண்டும் என்பதைக்கூட விடாமல் விளக்குவேன். "அப்பிடியா? சாப்டீங்களா?" என்பாள். பின்னால் குழந்தை வீறிடும். "அப்பறமா பேசறேங்க" என்று வைத்துவிடுவாள். சொல்ல ஒரு விஷயம் வேண்டும் என்பதற்காகவே அடுத்த வாரம் இன்னொன்று வாங்குவேன். பெரிய செலவு பேட்டரிதான். அவள் பிறந்த ஊர் திட்டக்குடி. ஒரே சார்ஜில் அங்கே போய்த் திரும்பிவிட வேண்டும் என்று பெரிய பேட்டரியாக மாற்றினேன். அந்த மாதம் கையை நன்றாகவே கடித்தது.

நானே சென்னைக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனேன். பெயர் வைத்தபோது ஒரு தடவை, முதல் பிறந்தநாளுக்கு ஒரு தடவை. மாப்பிள்ளை வீட்டுச் சோபாவில் கையைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? எனக்கு ரோஷம் அதிகம். போனவள் அவள், அவள்தான் திரும்பி வர வேண்டும் என்று மனதுக்குள் ஒரு பிடிவாதம். வரச் சொல்லி மகள் கூப்பிடும்போதெல்லாம் சூளை ஓடுது என்று சொல்லிவிடுவேன். அது யார் கேட்டாலும் செல்லுபடியாகும் பதில்.

இப்படி இருக்கும்போது அவள் அண்ணன் மகளுக்குத் திட்டக்குடியில் கல்யாணம் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். மகள் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதால், என் மனைவி சனிக்கிழமை வந்து ஞாயிறு மதியம் திரும்புவதாக ஏற்பாடு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்து இந்த வண்டியில் ஒரு சுற்று சுற்றினால் போதும், இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று அவளே சொல்லிவிடுவாள் என்று நம்பினேன். ஐம்பத்தெட்டு வயது ஆள் நம்புகிற நம்பிக்கையா அது? ஆனாலும் நம்பினேன்.

பாயிடம் புது மெத்தை சீட்டுக்கு அளவு கொடுத்தேன். அங்கேதான் என் தொழில் புத்தி என்னைக் கவிழ்த்தது. பச்சை மண் காய்ந்து வெந்து வரும்போது சுருங்கும். எட்டு அங்குலத்தில் சரக்கு வேண்டுமென்றால் ஒன்பது அங்குலத்துக்கு அச்சு எடுப்போம். முப்பது வருடமாக இதே வேலை. எதற்கு அளவு சொன்னாலும் கொஞ்சம் கூட்டித்தான் எனக்கு வாயில் வரும். மகளுக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்தபோதும் இதே கதைதான், குழந்தை பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டே படித்து முடித்தது. சீட்டுக்கும் அகலத்தில் கூட்டினேன், உயரத்திலும் கூட்டினேன். "ஜாஸ்தியா இருக்குதேண்ணே" என்றார் பாய். "நீ தச்சுக் குடு, அமுங்கிடும்" என்றேன். ஸ்பாஞ்ச் என்ன மண்ணா, சுருங்க?

சனிக்கிழமை காலை ஜங்ஷனில் இறங்கினாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வண்டியைக் காட்டினேன். "புதுசு மாதிரியே வெச்சிருக்கீங்க" என்று சொல்லி சீட்டைத் தடவிப் பார்த்தாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு ஏறப் பார்த்தாள்.

முடியவில்லை. புது ஷாக் அப்சார்பர் வண்டியை ஒரு அங்குலம் தூக்கியிருந்தது. பெரிய பேட்டரிக்காக சீட்டுப் பெட்டியை ஒரு அங்குலம் தூக்கியிருந்தார்கள். மெத்தை இரண்டு அங்குலம். உயரம் கம்மியாக வேண்டும் என்று அவள் கேட்டதற்காக வாங்கிய வண்டியை, அவளுக்காகவே ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டுப் பழைய மோட்டார் சைக்கிள் உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். மூன்று தடவை முயன்றாள். ஆட்டோ ஸ்டாண்டே வேடிக்கை பார்த்தது.

"கொஞ்சம் எம்பித்தான் ஒக்காரேன்" என்று கத்தினேன்.

"எம்ப முடிஞ்சா எம்ப மாட்டேனா?" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க ஓட்டிட்டு வாங்க. நான் ஆட்டோவுல வரேன்."

ஆட்டோ முன்னால் போனது. நான் பின்னாலேயே போனேன். பேக் ரெஸ்ட், பலகை, வலைக் கம்பி, மெத்தை எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் காலியாக வந்தன. அவள் இரண்டு தடவை ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி நான் வருகிறேனா என்று பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் பையை வைத்த கையோடு திட்டக்குடிக்கு பஸ்ஸில் போனோம், மறுநாள் பஸ்ஸில் வந்தோம், இரண்டு தடவையும் அவள் முன்னால் பெண்கள் சீட்டில், நான் கடைசியில். கல்யாணத்தில் அவளைச் சுற்றி ஆயிரம் பேர், என்னோடு பேச எங்கே நேரம். ஞாயிறு மதியம் மறுபடியும் அவள் ஆட்டோவிலும் நான் வண்டியிலுமாக ஸ்டேஷனுக்கு வந்தோம். ரயில் தாமதம் என்றார்கள். பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அப்போதுதான்.

"சீட்டு ஒசரத்தக் கொறைக்கச் சொல்றேன்" என்றேன். "பாய்கிட்ட சொன்னா ரெண்டு நாள்ல முடிச்சுடுவாரு. அடுத்த தடவ நீ வர்றப்ப ஈசியா ஏறலாம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அந்த பேட்டரி மட்டும் எவ்வளவுங்க ஆச்சு?" என்றாள்.

பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தக் காசுல மெட்ராஸுக்கு எத்தினி தடவ வந்திருக்கலாம்?"

"சூளைய வுட்டுட்டு எப்பிடி வர்றது?" என் குரல் உயர்ந்துவிட்டது. "நெனச்ச நேரத்துக்குக் கெளம்பி வர்ற வேலையா அது?"

"யாருகிட்ட சொல்றீங்க?" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "முப்பது வருசம் சூளைக்காரரோட குடும்பம் நடத்துனவ நானு. வெள்ளிக்கெழம நெருப்ப நிறுத்துனா திங்கக்கெழம காலையிலதான் கதவத் தொறப்பீங்க. நடுவுல ரெண்டு நாளு அங்க ஒங்களுக்கு என்னா வேல இருக்குது?"

நான் சிக்னல் விழுந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தேன்.

"ஏழாவது மாடியில கொழந்தையும் நானுந்தாங்க" என்று அவளே தொடர்ந்தாள். "அவங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு ரூம்புல கம்ப்யூட்டர் முன்னாடி. பக்கத்து வூட்டுல யாரு இருக்காங்கன்னு இன்னும் எனக்குத் தெரியாது. சனிக்கெழம ஆனா, நெருப்ப நிறுத்தியிருப்பாரு, நாளைக்கு வந்தாலும் வருவாருன்னு நெனச்சுக்குவேன். ஞாயித்துக்கெழம ஒலையில ஒரு பிடி அரிசி சேத்துத்தான் போடுவேன். எதுக்கும்மா வாரா வாரம் சோறு மிஞ்சுதுன்னு பொண்ணு கேப்பா. அளவு தெரியலன்னு சொல்லிடுவேன்."

நான்தான் தனியாகக் கிடக்கிறேன் என்று இரண்டு வருடமாக எல்லோர் மேலும் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் பேரக்குழந்தையோடு சந்தோஷமாக இருக்கிறாள் என்று முடிவே கட்டியிருந்தேன். நன்றாக இருக்கிறாயா என்று ஒரு தடவைகூட அவளைக் கேட்டதில்லை. போன் செய்தபோதெல்லாம் வண்டியைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் ரயில் வந்துவிட்டது.

பையைத் தூக்கிக்கொண்டு போய் அவளைப் பிடித்து ஏற்றிவிட்டேன். அவள் உள்ளே போகாமல் கதவருகிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமதானே" என்றாள். "கூடவே ஏறுங்க. காலையில திரும்பி வந்துடலாம்."

ஏறியிருக்க வேண்டும். ஒரு கால் எடுத்து வைத்தால் போதும். அவளைப் போல் எனக்கு முட்டி வலிகூடக் கிடையாது. ஆனால் என் பாழாய்ப்போன வாயில் வந்தது வேறு.

"வண்டி வெளியில நிக்குதே."

அவள் என்னையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"ஆமால்ல" என்றாள். "போயிப் பாருங்க. வெயில்ல நின்னா பேட்டரி கெட்டுடும்னு சொன்னீங்களே."

ரயில் நகர்ந்தது. நான் வெளியே வந்து பார்த்தேன். வண்டி நிழலில்தான் நின்றிருந்தது.