மார்கழியில் பழக்கிய கணினி

என் கலியாணத்துக்கு நாதஸ்வரம் அளவெட்டியிலிருந்து, சமையல் சுன்னாகத்திலிருந்து, ஐயரின் மைக்குக்கு அலைவரிசை என்னிடமிருந்து. அதில் வேறு யாரையும் கைவைக்க விடவில்லை. எந்த அலைவரிசையில் ஆள் இருக்கிறது, எது காலி என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. சொந்தக் கலியாணத்தில்கூடக் காட்டாவிட்டால் அந்தப் படிப்பு எதற்கு?

என் முறை சோம்பேறிகளுக்கு ஏற்றது. எல்லா அலைவரிசைகளையும் காதுகொடுத்துக் கேட்கத் தேவையில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக அளந்தால் போதும், மிச்சத்தைக் கணக்கே நிரப்பிவிடும். ஒரேயொரு நிபந்தனை, பெரும்பாலானவை சும்மா கிடக்க வேண்டும். அப்படி நிரப்பியதைக் காட்டிக் காட்டி, எது காலி என்று சொல்ல மடிக்கணினியைப் பழக்கினேன். பழக்கியது மார்கழியில், வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கு மேலே அன்டனா கட்டி. மார்கழியில் யாழ்ப்பாணத்தில் யார் கலியாணம் செய்கிறார்கள்? மண்டபங்கள் பூட்டு, வயர் இல்லாத மைக்குகள் பெட்டிக்குள் நித்திரை. உலகம் மகா அமைதியானது என்று நம்பியே என் கணினி வளர்ந்தது.

கலியாணம் தையில், தெருவிலுள்ள மண்டபமெல்லாம் நிறைந்த முகூர்த்த நாளில். காலையில் கணினி ஒரு அலைவரிசையைக் காட்டிக் "காலி" என்றது. ஸ்பீக்கர்காரர் அதையே வைத்து, ஐயரின் சால்வையில் சின்ன மைக்கைக் குத்திவிட்டு, அலைவரிசை மாற்றும் பெட்டி இருந்த அறையைப் பூட்டிக்கொண்டு அடுத்த கலியாணத்துக்குப் போய்விட்டார்.

நான் கூறைச்சேலையோடு மணவறையில் இருக்க, எங்கள் ஸ்பீக்கரில் பக்கத்து மண்டபத்து ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கினார். எங்கள் ஐயர் ஒரு வரி சொன்னால் அவர் இரண்டு வரி. எங்கள் ஐயருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆரோ சொல்லுற மந்திரத்துக்கு நான் தாலி எடுத்துக் குடுக்கேலாது," என்றார்.

நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. உள்ளே ஆள் இல்லையென்று தெரிந்தும் அப்பா பெட்டியறைக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது. மாப்பிள்ளையின் பக்கம் சரிந்து குசுகுசுத்தேன்.

"என்ரை மெசின் காலி எண்டுதான் சொன்னது. அது மார்கழியிலை படிச்சது. இப்பதான் எனக்கு விளங்குது."

எங்கள் ஐயரின் மைக் பக்கத்திலேயே இருந்ததை மறந்துவிட்டேன். இரண்டு மைக்கும் ஒரே அலைவரிசை என்பதால் என் புலம்பல் பக்கத்து மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கிறது. எங்கள் ஸ்பீக்கரில் மந்திரம் நின்றது. பிறகு அதே குரல் வந்தது.

"பிள்ளை, அழாதையுங்கோ. எங்களுக்கு இன்னும் நேரம் கிடக்கு. நான் மைக்கை நிப்பாட்டுறன், நீங்கள் முதல் கட்டுங்கோ. பிறகு எங்களுக்கு விடுங்கோ."

தாலி ஏறியது. எங்கள் ஐயரும் மரியாதைக்குத் தன் மைக்கை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஸ்பீக்கரில் அவர்களுடைய கெட்டிமேளம் கேட்டது. எங்கள் சனம் பழக்கதோஷத்தில் மிச்சப் பூவையும் அரிசியையும் அள்ளி மறுபடி எங்கள் தலையில் போட்டது. பூவுக்குள்ளிருந்து, முகம் தெரியாத அந்தப் பெண்ணும் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

மணவறைக்குப் பின்னால் என் கணினி அந்த அலைவரிசையை அப்போதும் "காலி" என்றே காட்டிக்கொண்டிருந்தது.