காக்கா வேகம் கூட்டிய கணினி

வாழைச்சேனையில் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், வாவியைப் பார்த்த ஓர் ஒற்றை அறையில் நான் கணினி படிப்பித்துக்கொண்டிருந்தேன். படிப்பித்தேன் என்பது கொஞ்சம் பெரிய சொல். ஆறு கணினிகள், இருபத்தைந்து பிள்ளைகள், நினைத்தபோது வந்து நினைத்தபோது போகும் மின்சாரம். மின்சாரம் இருந்தால் கடிதம் தட்டச்சு செய்யச் சொல்லிக் கொடுப்பேன். இல்லாவிட்டால் விசைப்பலகையைக் கரும்பலகையில் வரைந்து, எந்த விரலை எங்கே வைப்பது என்று காட்டுவேன். இரண்டாவது முறையில்தான் பிள்ளைகள் நன்றாகப் படித்தார்கள்.

அறையின் சொந்தக்காரர் ஓட்டமாவடிக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரைக் காக்கா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். வளைகுடா நாடொன்றில் கணினி திருத்தும் வேலையில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். அங்கிருந்து திரும்புகிறவர்கள் கொண்டுவரும் போர்வை, பால்மா, அத்தர் எதுவும் அவருடைய பெட்டியில் இருக்கவில்லை. துவாயில் சுற்றிய ஒரு மதர்போர்ட் இருந்தது. கணினியின் உறுப்புகளையெல்லாம் ஏற்றிப் பூட்டுகிற அந்தத் தகட்டைப் பார்த்து அவருடைய மனைவி என்ன சொன்னார் என்பதை இன்றுவரை அவர் எனக்குச் சொன்னதில்லை.

அந்த போர்டின் பெருமை இதுதான்: அதில் பூட்டிய பிராசெசரை, செய்தவன் விதித்த வேகத்தைவிடக் கூடுதலான வேகத்தில் ஓட்டலாம்; ஓவர்குளொக் என்பார் காக்கா. அதற்கென்று ஒரு மென்பொருள் இறுவட்டில் கூடவே வந்தது. திறந்தால் மோட்டார் சைக்கிளில் இருப்பது போல வட்டவட்டமான மானிகள் திரை முழுக்க வரும். ஒன்றில் வெப்பநிலை, ஒன்றில் மின்விசிறியின் சுற்று, ஒன்றில் வோல்டேஜ். கீழே ஒரு தண்டு. அதைச் சுட்டியால் வலப்பக்கம் இழுத்தால் வேகம் கூடும். அளவுக்கு மீறிச் சூடேறினால் மென்பொருளே கணினியை அணைத்துவிடும்.

"இஞ்ச பாரு தங்கச்சி, நாப்பத்திரண்டு! பச்சத் தண்ணி மாதிரி இரிக்கி" என்பார் காக்கா.

அறைக்குள் முப்பத்தைந்து பாகை வெக்கை. இருந்த ஒரே மின்விசிறியை அவர் அந்தக் கணினிக்கு முன்னால், அதன் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, நேராகத் திருப்பி வைத்திருந்தார். பிள்ளைகள் வியர்வையில் நனைந்து, குளிரக் குளிர ஓடும் ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு வேகம் எதுக்கு காக்கா? நாங்க அடிக்கிறது லீவுக் கடிதம்தானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உனக்கு விளங்காது. இது பதினெட்டு வீதம் கூட ஓடுது."

உண்மைதான். மற்றக் கணினிகளில் ஆறு விநாடியில் திறக்கும் லீவுக் கடிதம் அதில் ஐந்து விநாடியில் திறந்தது. மிஞ்சிய ஒரு விநாடியில் நாட்டுக்கு எந்த முன்னேற்றமும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். எல்லாருமே பெரிய பெரிய மானிகளைப் பார்த்து நம்பிக்கையோடுதான் இருந்தோம்.

கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வீதியில் யாரோ "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்தினார்கள். எங்கள் ஊரில் ஓடு என்றால் எதற்கு என்று கேட்பதில்லை; பல வருடப் பயிற்சி. துரத்துவது கடல் என்பது மட்டும் அன்றைக்குப் புதிது. நான் பிள்ளைகளை வாசலால் தள்ளி ரயில் பாதைப் பக்கம் ஓடவிட்டேன். திரும்பிப் பார்த்தால், வாவி தன் கரையை மறந்து வீதியில் வந்துகொண்டிருந்தது. கறுப்புத் தண்ணீர், அதில் தோணிகள், வேலிகள், ஒரு கோழிக்கூடு.

காக்கா உள்ளே வயர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"காக்கா, உயிர் போகப் போகுது! வாங்க!"

"நீ போ, நான் இந்தா வாறன்."

வந்தார். அந்தக் கணினிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் ஓடியவர்கள் பிள்ளைகளையும் வயதானவர்களையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவர் பதினெட்டு வீதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தண்ணீர் எங்கள் இடுப்புக்கு வந்தபோது எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியை நானே தட்டிவிட்டிருப்பேன்.

அதற்கு அவசியம் வரவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு தடுமாறிக்கொண்டிருந்தாள். ஒன்று கழுத்தில், ஒன்று கையில். கையில் இருந்ததை அவள் உயர்த்தி நீட்டினாள். "இவளப் புடிங்க, இவளப் புடிங்க." நான் எட்ட முடியாத தூரத்தில் இருந்தேன். காக்கா நின்றார். பக்கத்தில் பாதி கட்டிய ஒரு வீட்டின் மதில் இருந்தது. தலையில் இருந்த பெட்டியை அதன்மேல் வைத்தார். வைக்கும்போதும் அது சாயாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். அதை நான் கண்டேன். பிறகு இரண்டு எட்டில் போய்ப் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணின் மணிக்கட்டை மறுகையால் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் பத்தடி போவதற்குள் மதில் சரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளை பிழைத்தது. தாயும் மற்றதும் பிழைத்தார்கள். கல்குடாப் பக்கமிருந்து வரும் என்னுடைய பிள்ளைகளில் இரண்டு பேர் அன்று வகுப்புக்கு வந்திருக்கவில்லை. பிறகும் வரவில்லை.

நான்கு நாள் கழித்துக் காக்கா பெட்டியை ஒரு வேலியடிச் சேற்றில் கண்டுபிடித்தார். போர்டைக் கழற்றி, கிணற்றுத் தண்ணீரில் கழுவி, பல்துலக்கும் தூரிகையால் துலக்கி, பாயில் போட்டு மூன்று நாள் காயவைத்தார். பார்த்தவர்கள் கருவாடு என்றுதான் நினைத்தார்கள். கூட்டிப் பூட்டி மின்சாரம் கொடுத்தபோது அது வேலை செய்தது. கடல் குடித்த ஐந்து கணினிகள் செத்துக் கிடக்க, அது மட்டும் எழும்பியது. காக்கா அழுதார். நானும்தான்.

ஆனால் வெப்பமானி மட்டும் நூற்றிருபத்தேழு பாகை என்று காட்டியது. காலையில் போட்டவுடன் நூற்றிருபத்தேழு. மத்தியானம் நூற்றிருபத்தேழு. சூட்டை அளக்கிற உறுப்பை உப்புத் தண்ணீர் தின்றுவிட்டது.

அந்த நேரம் ஒரு நிவாரண அமைப்பு முகாம்களில் இருக்கிறவர்களின் பட்டியலைத் தட்டச்சு செய்ய எங்களைக் கேட்டது. குடும்பத் தலைவர், பிள்ளைகள், காணாமற்போனவர்கள். நாற்பது பெயர் அடித்திருப்பேன், மென்பொருள் ஆபத்து என்று கூவிக் கணினியை அணைத்துவிடும். மறுபடி அடிப்பேன், மறுபடி அணையும். ஊரே அழிந்த நாளில் ஒரு சத்தமும் போடாத உலகத்தில், ஒரு விரல்நகம் அளவுச் சில்லுக்கு இப்படி ஓர் அபாயச் சங்கு.

நான் பெட்டிக்குள் கைவிட்டு பிராசெசரின் மேலிருந்த அலுமினியத்தைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது.

"காக்கா, தொட்டுப் பாருங்க. இதுவா நூற்றிருபத்தேழு?"

"கைக்கு என்ன தெரியும்? இது கணக்குப் பாத்துச் சொல்லுது."

"நூற்றிருபத்தேழில என்ட விரல் வெந்து போயிருக்கும்."

அவர் என் விரலைப் பார்த்தார். மானியைப் பார்த்தார். எதை நம்புவது என்று உண்மையாகவே யோசித்தார். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி, நீயே அத ஓஃப் பண்ணு. நான் பண்ண மாட்டன்" என்றார். அபாய எச்சரிக்கையையும் தானாக அணைவதையும் நான் நிறுத்தினேன். பட்டியல் முடிந்தது.

பிறகு போர் திரும்பி வந்தது. வாகரையிலிருந்து சனங்கள் சாரைசாரையாக இடம்பெயர்ந்து வந்தார்கள். எங்கள் பக்கம் தேடுதல் தொடங்கியது. ஒருநாள் காலை சீருடையில் நான்கு பேர் அறைக்குள் வந்தார்கள். அப்படிச் சின்ன விசாரணை என்று கூட்டிப்போன சிலர் அந்த மாதம் வீடு திரும்பியிருக்கவில்லை. நான் கைகள் இரண்டும் தெரிகிற மாதிரி மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரையில் மானிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஊசிகள் ஆடின. வோல்டேஜ் என்று ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்து. தண்டுக்குப் பக்கத்தில் கடிகாரம் என்று பொருள்படும் சொல் வேறு. ஒரு சிப்பாய் அதைக் கண்டு, குண்டு என்று நினைத்து இரண்டடி பின்னால் போய், "சேர்!" என்று கூப்பிட்டான்.

அதிகாரி வந்தார். இளைஞர், மூக்குக்கண்ணாடி. திரையைப் பார்த்தார். "மேக்க மொக்கத்த?" என்று காக்காவிடம் கேட்டார். இது என்ன என்று அர்த்தம். காக்காவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்டபாடு. ஆனால் அன்றைக்கு மானியை விரலால் மட்டும் காட்டினார்.

அதிகாரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுட்டியை எடுத்தார். அவர் தண்டைப் பார்த்துவிட்டுக் காக்காவிடம் மெதுவாக ஏதோ கேட்டார். காக்கா பதில் சொன்னார். அவர் மறுபடி கேட்டார். காக்காவின் குரல் உயர்ந்தது. கைகளை ஆட்டினார். பிறகு இருவரும் சிரித்தார்கள்.

"என்ன காக்கா?" என்றேன் உயிர் போகிற குரலில்.

"இவரும் வீட்ட ஓவர்குளொக் பண்ணுறவராம், தங்கச்சி! இருபத்தாறு வீதமாம்! நம்மட வோல்டேஜ் காணாதாம்!"

வாசலில் துப்பாக்கியோடு மூன்று பேர் நிற்க, அவர்கள் அரை மணி நேரம் பேசினார்கள். எங்கள் மாவட்டத்தில் நடந்த பேச்சுவார்த்தைகளில் ஒரு முடிவோடு முடிந்ததாக நான் கண்ணால் கண்டது அது ஒன்றுதான். முடிவு: வோல்டேஜைக் கூட்டுவது. அதிகாரியே தன் கையால் கூட்டினார். "தெங் பலன்ட, நங்கி" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழும்பினார். இப்போது பார், தங்கச்சி. யாரையும் கூட்டிப்போகவில்லை.

கணினி அன்று மத்தியானம் தாண்டியும் பறந்தது. லீவுக் கடிதம் நான்கு விநாடியில் திறந்தது. மூன்று மணிபோல ரப்பர் கருகும் மணம் வந்தது. நாங்கள் எழும்பிப் போவதற்குள் பெட்டிக்குள்ளிருந்து ஒரு நூல்புகை. மானி அப்போதும் நூற்றிருபத்தேழு என்றே காட்டிக்கொண்டிருந்தது. கடலில் குளித்த பிறகு அதற்கு முதல்தடவையாக உண்மை சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கலாம்.

"நீதான் அத ஓஃப் பண்ணின" என்றார் காக்கா.

"நீங்கதான் கூட்ட விட்டீங்க."

"வேணாம் எண்டு எப்பிடிச் சொல்லுற? துவக்கோட நிக்கிறாங்க."

கடலால் கொல்ல முடியாத போர்டை அன்பு கொன்றது. அந்த அதிகாரி மறுபடி வரவில்லை. வடக்குக்கு மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அங்கே என்ன ஆனார் என்று தெரியாது.

காக்கா கொழும்பிலிருந்து வேறொரு போர்ட் எடுப்பித்தார். அதற்கும் ஒரு மென்பொருள், அதற்கும் ஒரு தண்டு. இரண்டாம் நாளே வலப்பக்கம் இழுத்துவிட்டார்.

இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து, ஒரு மே மாதத்தில் போர் முடிந்தது என்றார்கள். பிரதான வீதியில் வெடி கொளுத்தினார்கள். வருடக்கணக்காக வெடிச்சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போன எங்களை, இது சந்தோச வெடி, வெளியே நின்று பாருங்கள் என்றார்கள். காக்கா கதவை அரைவாசி சாத்திவிட்டு உள்ளே இருந்தார்.

அடுத்த வாரங்களில் தட்டச்சுப் படிக்க யாரும் வரவில்லை. பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு புகைப்படம். விண்ணப்பத்தில் ஒட்ட, முகாம்களில் காட்ட, யாரிடமாவது கொடுக்க. நாங்கள் ஸ்கேன் செய்து பெருப்பித்துக் கொடுத்தோம்.

கிரானிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். பொலித்தீன் பைக்குள் ஒரு பள்ளிக்கூடக் குழுப்படம். மூன்றாவது வரிசையில் ஒரு முகத்தின்மேல் விரலை வைத்தார். நகத்தில் பாதி அளவு முகம். "இவன மட்டும் தனியா எடுத்துத் தாகா." எங்கள் பக்கத்தில் உரிமையோடு பேசினால் சொல்லின் கடைசியில் ஒரு 'கா' ஒட்டும்.

ஸ்கேன் செய்தேன். பெருப்பிக்கத் தொடங்கியதும் திரை உறைந்தது. வேகம் கூட்டிய கணினிகளுக்கு அந்தக் குணம் உண்டு. முக்கியமான வேலை எது என்று அவற்றுக்கு எப்படியோ தெரியும். அணைத்துப் போட்டு மறுபடி தொடங்கினேன். நெற்றியும் ஒரு கண்ணும் வந்து மறுபடி நின்றது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "என்னகா, என்ட மகன் வாறான் இல்லையா?"

நான் குனிந்துகொண்டேன். பின்னாலிருந்த காக்கா எழும்பி வந்தார். "தள்ளு தங்கச்சி" என்று என் கதிரையில் உட்கார்ந்தார். கணினியை அணைத்துப் போட்டார். அமைப்புகளுக்குள் போய், அவர் அன்று வரை தொட்டேயிராத ஒரு வரியைத் தேடினார். செய்தவன் வைத்த வேகத்துக்கே திரும்புவது. அதை அழுத்தினார். பிறகு மென்பொருளையும் நீக்கினார். நீக்கட்டுமா என்று அது இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஓம் என்றார்.

படம் மெல்ல மெல்ல வந்தது. நெற்றி, கண்கள், மேலுதட்டில் அரும்பிய மீசை. அந்த அம்மா கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டார். எல்லாம் வந்து முடிய நேரமெடுத்தது, ஒருமுறையும் நிற்கவில்லை. நான்கு பிரதி எடுத்துக் கொடுத்தேன். மை காயும் வரை ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, நான்கையும் அதே பொலித்தீன் பைக்குள் வைத்தார்.

"மறுகா வேணுமெண்டா வரலாமா?" என்று கேட்டார்.

"எப்பயும் வாங்க" என்றார் காக்கா. வெயில் கடுமையாக இருந்தது. மூலையில் கிடந்த குடையை எடுத்துக்கொண்டு அவரைப் பஸ் நிற்கும் இடம் வரை கூட்டிப்போனார். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் என் முன்னால் இன்னொரு அம்மா வந்து உட்கார்ந்து, புகைப்படம் முடிந்துவைத்த முந்தானையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.